வகுப்பில ஒராளுக்கு இங்கிலீசு வந்திட்டு!

சேர் தம்பி, குறை சொல்ல வரல்ல. விடியக்காலையில வலையிறவுப் பாலத்தால மோட்டார் சைக்கிள்ல வந்து, தொண்டைத்தண்ணி வத்த எங்கட வவுணதீவுப் புள்ளைகளுக்கு இங்கிலீசு படிப்பிக்கிறீங்க. அரைச்சுவருக்கு வெளியால மாட்டைக் கட்டிப்போட்டு நானும் கேட்டுட்டுத்தான் இரிக்கன். அந்த வகுப்பில ஒராளுக்கு நல்லா இங்கிலீசு வந்திட்டு. அது நீங்கதான்.

பேனையைத் தூக்கி, "வாட் இஸ் திஸ்?" எண்டு கேக்கிறீங்க. அது பேனை எண்டு உங்களுக்கும் தெரியும், புள்ளைக்கும் தெரியும், என்ட மாட்டுக்கும் தெரியும். புள்ளை வாய் திறக்கமுன்ன நீங்களே "பென்" எண்டு சொல்லி, நீங்களே "வெரி குட்" போடுறீங்க. கேள்வியும் உங்கட, பதிலும் உங்கட, சபாசும் உங்கட. 40 நிமிசப் பாடத்தில புள்ளைகள்ர பங்கு "யெஸ் சேர்" மட்டும். ஏசுறதுக்கு மட்டும் தமிழுக்கு மாறுறீங்க. அது ஒருத்தனுக்கும் விளங்காமப் போனதில்ல.

தாழங்குடா கல்வியியற் கல்லூரியில படிக்கிற பேத்தி சொன்னாள். மேரி பட் ரோ எண்டு ஒரு அமெரிக்க அம்மா, 1970கள்ல விஞ்ஞான வகுப்புகள்ல நேரம் புடிச்சுப் பாத்தவவாம். கேள்வி கேட்டா வாத்திமார் ஒரு செக்கனளவுதான் பொறுக்கிறாங்களாம். 3 செக்கன் பொறுத்தா பதில் நீளுதாம், வாய் திறக்காததுகளும் கதைக்குதாம், புள்ளைகளே கேள்வியும் கேக்குதாம். 3 செக்கன் சேர்! வெத்திலைக்குச் சுண்ணாம்பு தடவக்கூடக் காணாது.

யாழ்ப்பாணத்து சுரேஷ் கனகராஜாவும் அங்கத்தைய இங்கிலீசு வகுப்புகளப் பாத்து 1995இல எழுதினவராம். பாடம் இங்கிலீசில போகும். விளக்கமும் தட்டிக்குடுக்கிறதும் தமிழில வரும். புள்ளைகளும் பாடத்தைத் தங்களுக்குள்ள தமிழில கதைச்சுத்தான் விளங்கிக்கொள்ளுதுகளாம். அது களவில்ல சேர். பின் வாங்கில குசுகுசுப்புக் கேட்டா உடனே பிரம்பத் தேடாதீங்க. படிப்பு அங்கதான் நடக்குதோ என்னவோ.

எங்கட அண்ணாவியார்மாரும் சொல்லிக்குடுத்து, திருப்பிச் சொல்ல வச்சுத்தான் கூத்துப் பழக்கிறாங்க. மாசக்கணக்கா ராராவாப் பழக்கம் நடக்கும். ஆனா அரங்கேற்றத்தண்டு அவர் மத்தளத்தோட நிண்டுக்குவார். ஆடிப் பாடுறது கூத்தன். உங்கட வகுப்பில ராசாவும் நீங்க, மந்திரியும் நீங்க, கட்டியகாரனும் நீங்க. புள்ளைகள் சும்மா பாத்துட்டு இரிக்கிற சனம்.

நாளைக்கு உங்களுக்கே பதில் தெரியாத கேள்வி ஒண்டு கேளுங்க. ராத்திரி வட்டைக்குள்ள என்ன நடந்த எண்டு கேளுங்க. கடைசி வாங்கில குந்தியிருக்கிறவன் எழும்பி, "எலிபன்ட் கம், பெடி ஈட்" எண்டுவான். சிரிச்சுப் போடாதீங்க, இலக்கணத்தையும் உடன தூக்காதீங்க. வெள்ளாமையை யானை திண்ட கதையச் சொல்றான் புள்ளை. "ஹவ் மெனி?" எண்டு கேளுங்க. பிறகு பாருங்க, பெரியது எத்தனை, குட்டி எத்தனை, அப்பா வெடி கொளுத்தினது, நாய் ஓடினது எல்லாம் வரும். இறந்தகால வினையை அதுக்குப் பிறகு திருத்தலாம், யானைதான் போயிட்டே!

கேள்வியக் கேட்டிட்டு 3 செக்கன் வாய மூடிக்கொண்டு நில்லுங்க, சேர் தம்பி. அதுக்கெல்லாம் சம்பளம் வெட்டமாட்டாங்க.