ஏலத்துக்கே வராதவனுக்கு என்னப்பா ஓய்வு?

பேராண்டி, உங்க ஆத்தா வந்து எல்லாத்தையும் சொல்லிட்டா. வர்ற ஞாயித்துக்கிழமை காலேஜ் கிரிக்கெட் ஃபைனல்ல நீ ஆடப் போறதில்லையாமே. தொடையில பிடிப்புன்னு அன்னைக்குக் காலையில கேப்டன்கிட்ட சொல்லப் போறியாம். அடுத்த மாசம் டி.என்.பி.எல். டீம் ஒண்ணு ஆள் எடுக்க வருதாம், அதுவரைக்கும் உடம்பைப் பத்திரமா வச்சுக்கிடணுமாம். ‘ஒர்க்லோடு மேனேஜ்மென்ட்’னு ஒரு வார்த்தை வேற சொன்னியாம். நல்ல வார்த்தைப்பா. நான் மில்லுல சைடரா நின்னவன். பகல் ஷிப்ட், அரை ஷிப்ட், ராத்திரி ஷிப்ட்னு மாறி மாறி, அறுந்த நூலை ஒட்டிக்கிட்டே ரிங் பிரேமுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடந்த நடைக்குச் சபரிமலைக்குப் போயிட்டுத் திரும்பியிருக்கலாம். எங்க மேஸ்திரிகிட்ட இந்த வார்த்தையைச் சொல்ல அப்ப எனக்குத் தெரியாமப் போச்சு.

போன ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்ல தேர்வடத்தைப் பிடிச்சு இழுத்தியே, அன்னைக்கு ஒனக்குத் தொடை பிடிக்கலை. அன்னிக்கு ராத்திரி புரோட்டாக் கடையில ரெண்டு மணி நேரம் உக்காந்தியே, அப்பவும் பிடிக்கலை. ஃபைனல்னு சொன்னதும் பிடிச்சுக்கிருச்சு. தொடைக்கும் தேதி தெரிஞ்சிருக்கு பாரு!

கோவிச்சுக்காத. இது நீ புதுசாக் கண்டுபிடிச்ச வித்தை இல்லை. ஒனக்கு முன்னாடி சீமையில பெரிய பெரிய பயலுகளே செஞ்ச வேலைதான்.

அமெரிக்காவுல காலேஜ் கால்பந்துன்னு ஒண்ணு இருக்கு. பேருதான் கால்பந்து, பந்தைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு ஓடுறான், நாலஞ்சு தடியனுக மேல விழுந்து அமுக்குறான். கோடைக் கடைசியில ஆரம்பிச்சு நவம்பர் வரைக்கும் ஆடுவாங்க. அப்புறம் டிசம்பர், ஜனவரியில ‘பவுல்’னு சொல்லி ஊர் ஊருக்குத் திருவிழா மேட்ச். ஆரஞ்சு, சர்க்கரைன்னு தின்பண்டம் பேரா வச்சிருக்கான். ஒண்ணுக்குப் பருத்தி பேரு. நம்ம ராஜபாளையத்துக்காரன் அதைக் கேட்டா மேட்ச்சைப் பத்தி விசாரிக்க மாட்டான், கண்டி என்ன விலைன்னுதான் விசாரிப்பான்.

அந்தத் திருவிழா மேட்ச்சு ஒண்ணுல, 2016 ஜனவரி ஒண்ணாந் தேதி, நோட்ர டேம் காலேஜ்ல ஜெய்லன் ஸ்மித்னு ஒரு பையன் முழங்கால் ஜவ்வை அறுத்துக்கிட்டான். அந்த வருசம் தொழில்முறை அணிக ஆள் எடுக்கையில முதல் அஞ்சாறு பேருக்குள்ள வருவான்னு எல்லாரும் பேசிக்கிட்டிருந்த பய. கடைசியில ரெண்டாவது சுத்துல, 34ஆவது ஆளாத்தான் எடுத்தாங்க. வரிசையில ஒவ்வொரு படி இறங்கவும் கோடி கோடியாக் கரையும். அதைப் பார்த்த மத்தவனுக்கு வயித்துல புளியைக் கரைச்சிருச்சு. அதே வருசம் டிசம்பர்ல ஸ்டான்ஃபோர்டுல கிறிஸ்டியன் மெக்காஃப்ரி, லூசியானாவுல லெனார்டு ஃபோர்னெட், ரெண்டு பேரும் ‘திருவிழாவுக்கு நாங்க வரலை’ன்னுட்டாங்க. ஊரே ஏசுச்சு. கூட ஆடுறவனைக் கைவிட்டுட்டான், பணப் பேய்னு பேசாதவன் இல்லை. நாலே மாசத்துல ஃபோர்னெட்டை நாலாவது ஆளாவும் மெக்காஃப்ரியை எட்டாவது ஆளாவும் எடுத்தாங்க. ஏசின வாயெல்லாம் டிவி முன்னாடி உக்காந்து அவனுகளுக்கே கை தட்டுச்சு.

இதைச் சொன்னதும் ஒனக்கு முகம் மலருது பாத்தியா. இரு, கதை முடியலை.

மெக்காஃப்ரி உக்காந்துட்டான்ல, அந்த எடத்துல எறங்கினது யாரு தெரியுமா? பிரைஸ் லவ்னு அவனுக்கு அடுத்த வரிசையில நின்ன ஒரு சின்னப் பய. அந்த மேட்ச்சை ஸ்டான்ஃபோர்டு 25க்கு 23னு ஜெயிச்சது. மறு வருசம் அந்தப் பய ரெண்டாயிரம் கஜத்துக்கு மேல ஓடித் தள்ளி, நாட்டுலயே சிறந்த காலேஜ் ஆட்டக்காரன் விருதுக்கு ரெண்டாவதா வந்து நின்னான். பெரியவன் விட்ட எடம்தான் சின்னவனுக்குக் கெடைச்ச வாசல். அப்பவே தொழிலுக்குப் போயிருக்கலாம். போகலை, இன்னொரு வருசம் காலேஜுக்கே ஆடுறேன்னு நின்னான். 2018 டிசம்பர் ஒண்ணாந் தேதி, சீசன் முடியப் போற நேரம், முழங்கால் போச்சு. நாலாவது சுத்துலதான் எடுத்தாங்க. அதுக்குப் பெறகு அவன் பெரிசா எந்திரிக்கவே இல்லை. உக்காந்தவன் பொழைச்சான், நின்னவன் போனான். இதுல யாரைக் கெட்டிக்காரன்னு சொல்றது? எனக்குச் சொல்லத் தெரியலை. ஒனக்குத் தெரிஞ்சா சொல்லு.

இன்னொண்ணையும் கேளு. பையன் ஒரு மேட்ச்சு உக்காந்தாத் துரோகிங்கிறான். 2021 நவம்பர்ல நோட்ர டேம் கோச் பிரயன் கெல்லி என்ன செஞ்சாரு? சீசன் பாக்கி கெடக்கு, திருவிழா மேட்ச்சு வரப்போகுது, அவரு அதுக்குள்ள பெரிய சம்பளத்துக்கு லூசியானாவுக்கு மாறிப் போயிட்டாரு. பூசாரி மாறுனா உத்தியோக உயர்வாம், பக்தன் மாறுனாத் தெய்வக் குத்தமாம். அந்தப் பயலுகளுக்கு 2021 ஜூலை வரைக்கும் தன் பேரை வச்சுச் சொந்தமா ஒரு டாலர் சம்பாதிக்கக்கூட அனுமதி கெடையாது. முழங்கால் அவனோடது, டிக்கெட் காசு இன்னொருத்தனோடது.

சீமைக் கதை கெடக்கட்டும், நம்ம கதைக்கு வா. நம்ம நாட்டுல திருவிழா ஐ.பி.எல்.; ஊர்க் கடமை ரஞ்சி. அங்கன திருவிழாவுக்கு வரமாட்டான், இங்கன கடமைக்கு வரமாட்டான், அம்புட்டுத்தான். 2024ல இஷான் கிஷன் ஜார்க்கண்டுக்கு ரஞ்சி ஆட வரலை. மனசுக்கு ஓய்வு வேணும்னு தென்னாப்பிரிக்காவுல இருந்து திரும்புன பையன், அது நியாயம்தான். ஆனா பரோடாவுல போய் ஐ.பி.எல்.லுக்குப் பயிற்சி எடுத்தான். அப்புறம் பம்பாய்ல ஒரு டி20 போட்டியில ரிசர்வ் வங்கி டீமுக்கு எறங்கினான். சொந்த மாநிலத்துக்கு ஓய்வு, ரிசர்வ் வங்கிக்கு ஆட்டம்! காசு இருக்கிற பக்கம் கால் தன்னாலே போகும்போல.

ஷ்ரேயாஸ் அய்யர் முதுகு வலின்னாரு. பெங்களூரு அகாடமி புதுசாக் காயம் ஏதும் இல்லைன்னு சொன்னதாப் பேப்பர்ல வந்துச்சு. அவரை நான் பொய்யன்னு சொல்ல மாட்டேன். அதுக்கு முந்தின வருசம்தான் அதே முதுகுல ஆபரேஷன் பண்ணி, ஒரு ஐ.பி.எல்.லே ஆடாமப் போனவரு. முதுகு வலிக்கு எக்ஸ்-ரேயில முகம் தெரியாது, மில்லுல நின்ன எனக்குத் தெரியும். ஆனா கிரிக்கெட் போர்டு கேக்கலை. பிப்ரவரி 28ஆந் தேதி ரெண்டு பேரையும் ஒப்பந்தத்துல இருந்து எடுத்துட்டாங்க. அய்யருக்கு வருசம் 3 கோடி, கிஷனுக்கு 1 கோடி, ரெண்டும் போச்சு.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. அய்யர் பம்பாய்க்காக ரஞ்சிக்குத் திரும்பி வந்தாரு. எந்த மேட்ச்சுக்கு? அரையிறுதிக்கு. யாரோட? நம்ம தமிழ்நாட்டோட! நம்மாளுக டாஸ் ஜெயிச்சு பேட்டிங் எடுத்து 146ல சுருண்டாங்க. அய்யர் அடிச்சது வெறும் 3. ஆனா பின்வரிசையில வந்த ஷர்துல் தாகூர் சதம் போட்டுட்டாரு. இன்னிங்ஸ், 70 ரன் தோல்வி. 1988க்குப் பெறகு ரஞ்சிக் கோப்பையை நாம தொட்டதில்லை, அந்த வருசமும் தொடலை. ஃபைனல்ல அய்யர் 95 அடிச்சாரு, பம்பாய்க்கு 42ஆவது கோப்பை. ரெண்டு மாசம் கழிச்சு நம்ம சேப்பாக்கத்துலயே கொல்கத்தாவுக்கு ஐ.பி.எல். கோப்பையும் தூக்கினாரு. அந்த வருசக் கடைசி ஏலத்துல அவருக்கு விலை 26 கோடியே 75 லட்சம். ரஞ்சி ஆடுனதுல முதுகும் ஒடியலை, விலையும் குறையலை.

இப்பக் கணக்கு. நான் எட்டாங் கிளாஸ்தான், ஆனா கூலிக் கணக்கு தப்பாது. ரஞ்சியில முதல் 20 மேட்ச்சு வரைக்கும் ஆடுற பயலுக்கு நாளுக்கு 40,000 ரூபா. நாலு நாள் மேட்ச்சு, 1,60,000. லீக்குல ஏழு மேட்ச்சும் ஆடுனாலும் 11,20,000. ஐ.பி.எல். ஏலத்துல இப்ப அடிமட்ட விலையே 30 லட்சம். ஏழு மேட்ச்சும் வெயில்ல நின்னு பந்து போடுறவனுக்கு 11 லட்சம், ரெண்டு மாசம் பெஞ்சுல குளுகுளுன்னு உக்காந்தவனுக்கு 30 லட்சம். இந்தக் கணக்கைப் போட்டு வச்சதும் போர்டுதான், ‘விசுவாசம் இல்லையே’ன்னு அழுகிறதும் போர்டுதான். கிஷனையும் அய்யரையும் தள்ளுன கையோட டெஸ்ட் ஆடுறவனுக்கு மேட்ச்சுக்கு 45 லட்சம் வரைக்கும் கூடுதலாத் தர்றோம்னு சொன்னாங்க பாரு, அப்பத்தான் விசுவாசம் எங்க வெளையுதுன்னு அவங்களுக்கே புரிஞ்சிருக்கு. ஆக, விலை உள்ளவன் உடம்பைப் பொத்தி வச்சா நான் குத்தம் சொல்ல மாட்டேன். தன் முழங்காலுக்குத் தான்தான் காவல்.

ஆனா ஒனக்கு என்னப்பா விலை?

நம்ம தெரு முக்குல ஒருத்தன் வெள்ளை நாய் ஒண்ணு வளர்க்கானே, பாத்திருக்கியா? ராஜபாளையம் நாய்னா சும்மாவா. 2005ல தபால் தலையே போட்டாங்க. பால் வெள்ளை உடம்பு, ரோஸ் மூக்கு, ஒட்டுன வயிறு, சாட்டையாட்டம் வாலு. இவன் அதைக் கண்காட்சிக்குன்னு வளர்க்கான். வெயில்ல விடமாட்டான், தோல் கறுத்துருமாம். மண்ணுல விடமாட்டான், நகம் தேஞ்சிருமாம். மத்த நாயைப் பாத்தாக் கயித்தைச் சுண்டி இழுப்பான். ஒரு தடவை கூட இன்னும் கண்காட்சிக்குப் போகலை. போன மாசம் ராத்திரி வீட்டுப் பின்கட்டுல தேங்காயைக் களவாண்டுட்டுப் போயிட்டானுக. நாய் ஃபேனுக்கு அடியில மல்லாக்கப் படுத்திருக்கு. இவன் விடிஞ்சு எந்திரிச்சு, ‘நல்லவேளை, நாய்க்கு ஒண்ணும் ஆகலை’ங்கிறான்! பன்னி வேட்டைக்கு விடக் கூடாதுன்னு சட்டம் இருக்கு, சரி. குரைக்கவாவது விடக் கூடாதா?

விராட் கோலிக்கு விலை இருக்கு. 2012க்குப் பெறகு ரஞ்சிப் பக்கமே வராத மனுசன், 2025 ஜனவரிக் கடைசியில டெல்லிக்கு ஆட வந்தாரு. ரஞ்சி மேட்ச்சுக்கு ஆயிரக்கணக்குல சனம், கேட்டுல தள்ளுமுள்ளு. 6 ரன்ல ஸ்டம்பு பறந்துச்சு. எடுத்தது ரயில்வே டீம்ல ஹிமான்ஷு சங்வான். அன்னைக்குக் காலையில அந்தப் பேரைக் கேட்டா டெல்லிக்காரனே முழிப்பான். சாயங்காலம் நாடே தேடுச்சு. யோசிச்சுப் பாரு. நீ அந்த மைதானத்துல யாரு? கோலியா, சங்வானா? கோலிக்கு அந்த மேட்ச்சு ஒரு கடமை, சங்வானுக்கு அதுதான் வாழ்க்கை. நீ சங்வான் வயித்தை வச்சுக்கிட்டுக் கோலி பந்தி பரிமாறச் சொல்ற.

நடராஜனை எடுத்துக்கோ. சேலத்துப் பக்கம் சின்னப்பம்பட்டி. டென்னிஸ் பந்துல கிடைச்ச மேட்ச்செல்லாம் ஆடிக் கையைத் தீட்டுன பய. டி.என்.பி.எல். 2016ல ஆரம்பிச்சது, அதுல யார்க்கர் போட்டதைப் பார்த்துட்டு 2017ல ஐ.பி.எல்.லுக்குப் பஞ்சாப்காரன் 3 கோடிக்கு எடுத்தான். சாய் சுதர்சனுக்கு 2023ல டி.என்.பி.எல். ஏலத்துல 21 லட்சத்து 60 ஆயிரம். அதே சமயம் ஐ.பி.எல்.ல அவன் சம்பளம் 20 லட்சம்தான். பெரிய வீட்டை விடச் சின்ன வீட்டுல கூடக் குடுத்தானேன்னு அன்னைக்கு ஊரே சிரிச்சது. மே மாசம் ஐ.பி.எல். ஃபைனல்ல 96 அடிச்சதும் சிரிப்பு நின்னுபோச்சு. இவங்கள்ள யாராவது காலேஜ் ஃபைனல்ல தொடையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்து ஆள் ஆனாங்களா? கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போனானாம்.

பயம் இருக்கும்ப்பா, இல்லைங்கல. அடிபட்டா ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஒங்கப்பன் மில்லுல அட்வான்ஸ் கேட்டு நிக்கணும். காலேஜும் தராது, டி.என்.பி.எல்.லும் தராது. அந்தப் பயம் நியாயமானது, அதை நான் கேலி பண்ணலை. நெசமாவே பயமாருந்தா, ‘எனக்குப் பயமா இருக்கு, நான் ஆடலை’ன்னு கேப்டன்கிட்ட மூஞ்சியைப் பாத்துச் சொல்லு. அவன் ஏசுவான், ஏசட்டும். ரெண்டு நாள் முந்தித் தெரிஞ்சா வேற ஆளைத் தயார் பண்ணுவான். மெக்காஃப்ரிகூட அப்படித்தான் முன்கூட்டியே சொல்லிட்டு உக்காந்தான். நீ காலையில பேடு கட்டுற நேரத்துல நொண்டுவேன்னு நிக்கிறியே, அதுதான் எனக்குப் பொறுக்கலை. இன்னொண்ணும் சொல்றேன். ஆள் எடுக்க வர்றவன் ஒன்னை வலையில ஆடச் சொல்லிப் பாக்கிறதுக்கு முன்னாடி, ‘கடைசியா எப்ப, எந்த மேட்ச்சுல, எத்தனை?’ன்னுதான் கேப்பான். ‘தொடை’ன்னா சொல்லுவ?

ஆடுறதா இருந்தா ஞாயித்துக்கிழமை கருக்கல்லயே கெளம்பு, ஒங்க ஆத்தாளை இட்லி அவிச்சு வைக்கச் சொல்லிருக்கேன். ஆடலைன்னா இன்னைக்கே கேப்டனுக்குப் போன் போடு. ஒனக்கு அடுத்து நிக்கிறானே அந்த ரெண்டாம் வருசத்துப் பய, அவனுக்கு ஸ்பைக் ஷூ இல்லையாம். ஒன்னோடது சும்மாத்தான கெடக்கப் போகுது, அதைக் கழுவி அவன்கிட்ட குடுத்துட்டு வா.