தவளை காண் படலம்: சலமான்கா சுற்றுலாக் குடும்பங்கள் குறித்த ஓர் ஆய்வு

ஸ்பெயின் நாட்டின் சலமான்கா நகருக்குக் குடும்பத்தோடு செல்வோரின் நடத்தை பற்றி முறையான ஆய்வு எதுவும் இதுகாறும் வெளிவரவில்லை. வெளிவந்திருந்தால் நாம் படிக்கவில்லை. படித்திருந்தாலும் உடன்பட்டிருக்கப் போவதில்லை. எனவே களம் காலியாக இருக்கிறது என்று கொண்டு மேலே செல்வோம்.

ஆய்வு எல்லை: பல்கலைக்கழகத்தின் முகப்பு. ஆய்வுக் காலம்: கழுத்து வலிக்கும் வரை. கருதுகோள்: குடும்பத்தில் யாருக்கு இதில் துளியும் அக்கறை இல்லையோ அவரே தவளையை முதலில் காண்பார்.

1218இல் தோன்றிய இப்பல்கலைக்கழகம், ஸ்பெயினில் இன்றும் இயங்குவனவற்றுள் மிகப் பழையது. அதன் முகப்பு 16ஆம் நூற்றாண்டின் முற்பாதியைச் சேர்ந்தது. அருகிலுள்ள வில்லமயோரில் வெட்டிய கல், வெட்டியெடுத்த புதிதில் மெதுவாக இருக்கும். நாளாக ஆக இறுகிப் பொன்னிறம் ஏறும். அந்த மெதுவைப் பயன்படுத்திக்கொண்ட சிற்பிகள் வெள்ளித்தட்டில் வேலை செய்வதுபோல் ஓர் அங்குலமும் விடாமல் செதுக்கிவிட்டார்கள். அரசரும் அரசியும், கேடயங்களும் கழுகும், கொடிகளும் பூதங்களும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் அந்தச் சுவரில், வலப்பக்கத் தூணில், ஒரு மண்டையோட்டின் தலையில் சிறு தவளை ஒன்று உட்கார்ந்திருக்கிறது. பிறர் உதவியின்றி அதைக் காண்பவர் தேர்வில் தேறுவார் என்பது ஊர் வழக்கு. மற்ற சிற்பங்களை இதுவரை எவரும் பார்த்ததற்குச் சான்றில்லை.

இனி, சுற்றுலாக் குடும்பத்தினரை வகைப்படுத்துவோம். திணை ஐந்து என்பது தமிழாய்வின் பழக்கமாதலால் உறுப்பினரும் ஐவகையர். நால்வரே உள்ள குடும்பத்தில் தோள்பையை ஐந்தாவதாகக் கொள்க. வழிகாட்டி நூலை உரக்க வாசிப்பவர், நிழல் தேடுபவர், கழிப்பறை எங்கே என்பவர், யாரும் கேளாமலே படம் எடுப்பவர் ஆகியோர் வெளிப்படை, விளக்கம் வேண்டா.

விளக்கம் வேண்டுவது ஐந்தாமவரின் சுட்டுவிரல். தவளையைக் கண்டவர் காணாதவருக்கு அதைக் காட்டும் முறை குறித்து இரு மரபுகள் உண்டு. முதலாவது ‘அதோ’ மரபு. இதில் கை நீளும், விரல் நீளும், ‘அதோ, அதோ’ என்ற ஒலியும் நீளும். தவளை மட்டும் தென்படாது (தந்தை, வாய்மொழி). இரண்டாவது ‘மேலே, கொஞ்சம் கீழே’ மரபு. தூண், தூணுக்கு மேல் மண்டையோடு, மண்டையோட்டுக்கு மேல் என்று படிப்படியாக ஏறும் இம்முறை அறிவியல் சார்ந்தது. ஆனால் கேட்பவர் முதல் படியிலேயே வேறு தூணைப் பார்த்துக்கொண்டிருப்பார் (மூத்த மகள், செல்பேசிப் படம், மங்கலானது, இடது ஓரத்தில் கட்டைவிரல்). இவ்விரண்டையும் இணைக்க முயன்ற சமரச மரபில், கண்டவர் காணாதவரின் தாடையைப் பிடித்துத் திருப்புவார். இதன் விளைவு பற்றிய ஒரே சான்று உணவகத்துத் தாள் கைக்குட்டை ஒன்றின் பின்பக்கத்தில், எண்ணெய்க் கறைக்குத் தென்கிழக்கே, பாட்டியின் கையெழுத்தில் கிடைக்கிறது: ‘தவளை கண்டேன்.’ மடிப்பில் மை பரவியதால் இதைத் ‘தலைவலி கண்டேன்’ என்று படிப்பாரும் உளர். அதுவே சிறந்த பாடம் என்க.

கண்டவரும் காணாதவருமின்றி ‘பார்த்துட்டேன், பார்த்துட்டேன்’ என்று பொய் சொல்லி நகர்பவரும் உண்டு. பெரும்பாலான தேர்ச்சிகள் இவ்வகையினவே.

தவளைக்குப் பொருள் என்ன? மண்டையோடு சாவையும் தவளை காமத்தையும் குறிக்கும்; படிக்க வந்த பிள்ளைகளுக்கு இது எச்சரிக்கை என்பது ஒரு கட்சி. மண்டையோடு, 1497இல் இந்நகரில் 19 வயதில் இறந்த இளவரசர் ஹுவானுடையது; தவளையோ அவரைக் காப்பாற்ற முடியாத மருத்துவர் என்பது மறு கட்சி. அது தேரை என்பாரும் உளர். தவளையைத் தாமே காணாமல் பிறர் விரலைப் பிடித்துக்கொண்டு கண்டவர்கள்தாம் அதன் உட்பொருளைப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்களோ என்று நமக்கு நெடுநாள் ஐயம்.

இடைச்செருகல் பற்றியும் சொல்ல வேண்டும். 1513இல் கட்டத் தொடங்கிய புதிய பேராலயத்தின் வாயில் ஒன்றில் விண்வெளி வீரர் ஒருவர் கொடியைப் பற்றிக்கொண்டு மிதக்கிறார். 1992இல் அவ்வாயிலைப் புதுப்பித்தபோது, தம் காலத்தின் அடையாளமாகப் பணியாளர்கள் செதுக்கியது அது. இது பதிவாகியிருப்பது பெருங்கேடு. பதிவு மட்டும் தொலைந்திருந்தால், பேராலயத்தை எழுப்பியவர்கள் அன்றே விண்ணூர்தி கண்டவர்கள் என்று நிறுவும் நூல்கள் நம்மூர் முறைப்படி இந்நேரம் மூன்றாம் பதிப்பு கண்டிருக்கும்.

ஆய்வு எல்லையைச் சற்று மீறினால் ப்ளாசா மயோர் சதுக்கம்: ‘தொலைந்து போனால் கடிகாரத்துக்குக் கீழே வா’ என்பார் தாய்; ஊரே கடிகாரத்துக்குக் கீழேதான் சந்திக்கிறது.

உணவு நேரம் தனி ஆய்வுக்குரியது. சிறுவர்க்குப் பசிக்கும் மாலை ஆறரைக்கும் சமையலறை திறக்கும் எட்டரைக்கும் இடையே ஐஸ்கிரீம் என்ற பாலம் போடப்படுகிறது. இங்கே ஃப்ராய் லூயிஸ் தே லெயோனின் தாக்கத்தைக் காணலாம். பேராசிரியரான அத்துறவியை 1572இல் சமய விசாரணை மன்றம் சிறையிட்டது. ஏறக்குறைய ஐந்தாண்டுக்குப் பின் வகுப்புக்குத் திரும்பியவர், நேற்று விட்ட பாடத்தைத் தொடர்வதுபோலவே பேசத் தொடங்கினார் என்பது செவிவழிச் செய்தி. ஐஸ்கிரீம் முடிந்ததும் தந்தை கல்லின் நிறத்தைப் பற்றி அதே வாக்கியத்தின் நடுவிலிருந்து தொடங்குவது இம்மரபின் எச்சம். மாணவர்கள் அன்று மகிழ்ந்தார்களாம்.

கருதுகோளுக்கு வருவோம். தவளையை முதலில் கண்டவன் இளைய மகன். முகப்பை அன்றி ஒரு புறாவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது. புறா பறந்தது, தவளை நின்றது. அவனுக்குத் தேர்வு எதுவும் இல்லை; வயது நான்கு.

இந்நகரில் முனைவர் பட்டம் பெற்றோர் தம் வெற்றியைச் சுவரில் ‘வீத்தோர்’ எனச் செந்நிறத்தில் எழுதிவைத்தார்கள். பழைய நாளில் அதற்குக் காளை இரத்தம் கலந்தார்களாம். ஆய்வேட்டைச் சுவரில் எழுதாமல் பெயரை மட்டும் எழுதியது அக்காலத்தவரின் பெருந்தன்மை. சிறுவனுக்கும் அவ்வுரிமை உண்டு என்று பாட்டி முன்மொழிந்தார். காளை கிடைக்கவில்லை, உருளைக்கிழங்கு வறுவலோடு வந்த தக்காளிச் சாறு கையிலிருந்தது. முதல் எழுத்தின் பாதி வரை சென்ற இம்முயற்சி, தாயின் தலையீட்டால் ஈரத்துணியில் முடிந்தது.