நோகாமல் நுங்கு

ராத்திரி ஒன்பதரை மணிக்கு விளக்கை யார் அணைப்பது என்பதுதான் எழுபதுகளில் எங்கள் வீட்டின் தீராத வழக்கு. வடக்கு அறையில் வரிசையாகப் பாய் விரித்து அண்ணன், நான், தங்கச்சி, எங்கள் வீட்டில் தங்கிப் படித்த மாமன் மகன் என்று நாலு பேர் படுப்போம். கடைசியாகப் படுக்கிறவர் அணைக்க வேண்டும் என்பது சட்டம். அதனால் சாப்பிட்ட கை காய்வதற்குள் ஓடிவந்து விழுந்து, கண்ணை இறுக்கி மூடி, குறட்டை வேறு விட்டுக்கொண்டு கிடப்போம். அண்ணன் குறட்டையில் ஒரு தாளக்கட்டு இருக்கும். நிஜமாகத் தூங்குகிறவனுக்கு அவ்வளவு சுத்தமாக வராது. குண்டு பல்பு நாலு பேர் மூஞ்சியிலும் எரியும், ஒருவரும் அசையமாட்டோம், கடைசியில் அடுக்களையை ஒழித்துக் கழுவிவிட்டு வருகிற அம்மாதான் "உங்க அப்பாரு வந்து கரண்டுக்குக் காசு கட்டறாரா?" என்று கேட்டபடி அணைத்துவிட்டுப் போவாள்.

இதற்கு ஒரு முடிவு கட்ட நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் கப்பி நடத்தியிருந்தார்கள். கறுப்பு நிறத்தில் குமிழ் வைத்த அந்தக் காலத்து ஸ்விட்சில் ஒரு வில்லங்கம் உண்டு: கீழே இழுத்தால் எரியும், மேலே தள்ளினால்தான் அணையும். வெறுமனே கயிறு கட்டினால் விளக்கை ஏற்றத்தான் முடியும். எனவே குமிழுக்கு மேலே சுவரில் ஓர் ஆணி அடித்து, பம்பரக் கயிற்றை அதன்மேல் ஏற்றி, ஜன்னல் கம்பி வழியாகத் திருப்பி, என் தலையணை வரைக்கும் கொண்டுவந்தேன். நாலு எட்டு நடக்க அலுத்துக்கொண்ட பையன் அதற்காக ஸ்டூலில் ஏறி இறங்கியதையும், ஆணி தேடித் தெரு முழுக்க அலைந்ததையும் கணக்குப் போட்டால் திருப்பூருக்கே நடந்து போய் வந்திருக்கலாம். ஆனால் முதல் நாள் படுத்தபடியே சுண்டி இழுத்து அறை இருண்டபோது பக்கத்துப் பாய்களில் எழுந்த அந்த மூச்சு இருக்கிறதே, அதற்கு ஈடாக இதுவரை எந்தச் சம்பள உயர்வும் வந்ததில்லை. கொஞ்ச நாளில், நடுராத்திரி கொல்லைப்பக்கம் போகக் கிளம்பிய அப்பாவின் கழுத்தில் கயிறு மாட்டி, ஸ்விட்ச் பலகையோடு பெயர்ந்து வந்ததும் ஆராய்ச்சி நிறுத்தப்பட்டது. அன்றைக்கு வாங்கியதை விவரமாக எழுதலாம்தான், பேரன் எழுத்துக்கூட்டித் தமிழ் படிக்கத் தொடங்கிவிட்டான்.

இப்போது நாங்கள் இருக்கிற கோயமுத்தூர் சரவணம்பட்டி அடுக்ககத்தில், மேசைமேல் உட்கார்ந்திருக்கிற உருண்டை ஒன்றிடம் பேரன் "லைட் ஆஃப்" என்கிறான், அது பதில் சொல்லிவிட்டு அணைக்கிறது. அதன் முன்னால் குறட்டை விட்டு நடிக்க வேண்டியதில்லை. அது யாருடைய அப்பாரையும் இழுப்பதில்லை. இணையம் போன அன்றைக்கு மட்டும், ஸ்விட்ச் எந்தச் சுவரில் இருக்கிறது என்று குடும்பமே செல்போன் வெளிச்சத்தில் தேடுகிறோம்.

எங்கள் ஊர் ஊத்துக்குளிப் பக்கம். அங்கே வேலை என்பது மேலிருந்து கீழே இறங்கும். திண்ணையிலிருந்து அப்பாரு, அதாவது அப்பாவைப் பெற்றவர், "தண்ணி" என்பார். யாரிடம் என்று சொல்லமாட்டார். அப்பா பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் "டேய் பெரியவனே" என்பார், பெரியவன் என்னைப் பார்ப்பான், நான் தங்கச்சியைப் பார்ப்பேன், அவள் பூனையைப் பார்ப்பாள். பூனை எழுந்து சோம்பல் முறித்துவிட்டு வெயில் இருக்கிற பக்கமாகப் போய்ப் படுத்துக்கொள்ளும். அந்த வீட்டில் நேர்மையாகச் சோம்பியது அது ஒன்றுதான். இத்தனை கை மாறியும் தண்ணீர் எப்படியோ அப்பாருக்கு வந்து சேர்ந்துவிடும். எப்படி என்று நாங்கள் யாரும் யோசித்ததில்லை. சொம்பின் வெளியே ஒட்டியிருக்கும் ஈரமாவைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், ஆட்டாங்கல்லிலிருந்து எழுந்து வந்த கை எதுவென்று.

கோயமுத்தூரில் 1955இல் சபாபதி என்பவர் கிரைண்டரைச் செய்தார் என்று சொல்வார்கள். இந்த ஊருக்குப் பஞ்சாலையும் பம்புசெட்டும் தேடித்தந்த பேருக்குக் குறையாத பேரை அதுவும் தேடித்தந்து, பின்னால் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. அதற்கு வேண்டிய கல் வெட்டியது எங்கள் ஊத்துக்குளிப் பக்கம்தான். வெண்ணெய்க்குப் பேர்போன ஊரில் கல்லும் உண்டு. எங்கள் வீட்டுக்கு முதல் கிரைண்டர் வந்தபோது, பெல்ட்டு போட்டு, தரையில் ஊன்றி, ஒரு ஆள் உயரத்துக்குச் சத்தம் போட்டுக்கொண்டு அது சுற்றியதைத் தெருவே நின்று பார்த்தது. ஆட்டாங்கல்லில் கல் சும்மா இருக்கும், குழவியைக் கை சுற்றும். கிரைண்டரில் தலைகீழ். குழவி நின்ற இடத்தில் நிற்க, கல் அதைச் சுற்றிச் சுற்றி வரும். அப்பாரு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, குழவி ஒண்ணும் பண்ணுலியே, எதுக்கு அது என்று கேட்டார். அம்மா, மாவைத் தள்ளிவிட்டுக்கொண்டே, "அது இந்த ஊட்டு ஆம்பளைங்க மாதிரீங்க மாமா, சும்மா நின்னாலே போதும்" என்றாள். மாமனார் முன்னால் வாய் திறக்காத அம்மா அவ்வளவு நீளமாகப் பேசி அன்றுதான் கேட்டேன். அப்பாருவும் சிரித்தார். பிறகு வழக்கம்போல் "தண்ணி" என்றார்.

ஆட்டாங்கல் மாவின் ருசி கிரைண்டரில் இல்லை என்று சொல்கிறவர்களை எங்கள் உறவில் நிறையப் பார்த்திருக்கிறேன். கல்யாண வீட்டுப் பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, கண்ணை மூடி, அந்த ருசியை நினைத்துப் பெருமூச்சு விடுவார்கள். எல்லாரும் ஆண்கள். ஒருத்தர் கையும் குழவியைத் தொட்டதில்லை. அம்மா ஒருநாளும் அப்படிச் சொல்லவில்லை. கிரைண்டர் வந்த வாரமே ஆட்டாங்கல்லை உருட்டிக் கொல்லைக்கு அனுப்பினாள். அதில் மழைத்தண்ணி தேங்கிக் கொசு முட்டையிட, டெங்கு ஒழிக்க வந்தவர்கள் கவிழ்த்துப் போட்டுவிட்டுப் போனார்கள். பிற்பாடு 2011இல் அரசாங்கமே மிக்சி, மின்விசிறியோடு கிரைண்டரையும் வீட்டுக்கு வீடு விலையில்லாமல் கொடுத்தது. இன்றைக்கு எங்கள் வீட்டு மேசைக் கிரைண்டர்மேல் ஒரு துணி போர்த்தி, அதன்மேல் செல்போன் சார்ஜர்கள் கிடக்கின்றன. மாவு பாக்கெட்டில் வருகிறது. அந்தப் பாக்கெட்டைப் பிரித்துத் தட்டில் ஊற்ற அலுப்பாயிருக்கும் ராத்திரிகளில் இட்லியே வருகிறது. முதலில் குழவிக்கு ஓய்வு கிடைத்தது, அப்புறம் கல்லுக்கும் கிடைத்தது. அதில் எனக்கு வருத்தமில்லை.

எனக்கு வருத்தம் மாவு மில்லைப் பற்றித்தான்.

வேலையைத் தட்டிக்கழிப்பதில் நான் பெரிய சூரன் என்றாலும், மில்லுக்குப் போ என்றால் மட்டும் எள்ளென்பதற்குள் எண்ணெயாக நிற்பேன். கோதுமை நிறைந்த தூக்குப்போசியைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு போனால், மில்காரர் புருவம் மீசையெல்லாம் மாவு படிந்து, வயசு தெரியாமல் நிற்பார். பெல்ட்டு டப் டப்பென்று அடித்துக்கொண்டிருக்கும். யாராவது மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தால் எனக்கு அன்றைக்குப் பண்டிகை. மிளகாய்க்குப் பின்னால் கோதுமையைப் போட்டால் சப்பாத்தி காரும். "மொளகாய்க்குப் பின்னால போட்றாத சாமி" என்பது அம்மாவின் கட்டளை. ஆகவே நடுவில் வேறு யாராவது கம்போ சோளமோ போட்டு மிஷினைத் துடைத்துக்கொடுக்கிற வரைக்கும் காத்திருக்கத்தான் வேண்டும். அந்தப் புண்ணியவான் சீக்கிரம் வந்துவிடக் கூடாதே என்று மாரியம்மனை வேண்டிக்கொண்டு, பக்கத்து டீக்கடை ரேடியோவுக்குக் காது கொடுத்து, பஜ்ஜி மடித்த பேப்பரில் பாதியில் அறுந்த தொடர்கதையைப் படித்து, மில்லுக்குப் பின்னால் கோலிகுண்டு ஆடி, சுவரில் ஒட்டிய சினிமா போஸ்டரில் யார் யார் என்று சண்டை போட்டு, பொழுது சாய வீட்டுக்கு வந்தால், எங்கேடா போனாய் என்ற கேள்விக்கு ஒரே பதில்: "மில்லுல கூட்டம்மா." இதை மறுத்துப் பேச யாராலும் முடியாது. கூட்டம் நிஜமாகவே இருந்தது, அந்தக் கூட்டத்தில் பாதி என்னை மாதிரி வீட்டைவிட்டுத் தப்பி வந்த பையன்கள். வருகிற வழியில் சைக்கிளை நிறுத்தி, மூடியைத் திறந்து, அரைத்த சூடு ஆறாத மாவுக்குள் மணிக்கட்டு வரைக்கும் கையை விட்டுக்கொண்டு நிற்பேன். மார்கழி மாசத்தில் அந்தச் சூடு கைக்கு எப்படி இருக்கும் என்று, அப்படிக் கை விட்டவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சோம்பேறித்தனத்துக்கு ஒளிந்துகொள்ள ஒரு வேலை வேண்டும். மில்லும், கரண்டு பில் கட்டுகிற வரிசையும், ரேஷன் கடையும் எங்களுக்கு அப்படிக் கிடைத்த இடங்கள். அதிலும் ரேஷன் கடை ஓர் அதிசயம். மண்ணெண்ணெய் ஊற்றுகிற நாளில் விடிவதற்கு முன்பே வரிசை நின்றுவிடும், ஆனால் ஆள் ஒருத்தரும் இருக்கமாட்டார்கள். ஒரு செங்கல், அதன் பின்னால் நெளிந்த டின், ஒற்றைச் செருப்பு, பை, பைக்குள் பறக்காமலிருக்க ஒரு கல். உரியவர்கள் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார்கள். செங்கல்லை நகர்த்துகிற அயோக்கியன் எங்கள் ஊரில் இருந்ததில்லை. இருந்தால் செங்கல்லுக்குப் பரிந்துகொண்டு பின்னாலிருக்கும் செருப்பின் சொந்தக்காரர் சண்டைக்கு வருவார். இப்போது கடையில் மிஷின் கைரேகை கேட்கிறது. செங்கல்லுக்கு ஏது ரேகை?

சட்டை தேய்ப்பது இன்னொன்று. பெட்டிக்குக் கரி போட்டு ஊதி நெருப்பாக்கச் சோம்பி, காக்கி டவுசரை மடித்துப் பாய்க்கு அடியில் வைத்து அதன்மேல் படுத்துவிடுவான் அண்ணன். தூங்கத் தூங்க நடந்த ஒரே வேலை அதுதான். புரளாமல் படுத்தால் மடிப்பு கத்தி மாதிரி நிற்கும். புரண்டால், மறுநாள் பள்ளிக்கூடத்தில் அவன் ராத்திரி கண்ட கனவையெல்லாம் டவுசரில் பார்க்கலாம். வீட்டுப்பாடம் எழுதாததற்குத் தமிழய்யா எனக்குக் கொடுத்த தண்டனையும் நினைவுக்கு வருகிறது: திருக்குறளில் மடியின்மை அதிகாரத்தை முழுசாக இருபது தடவை எழுதி வா என்றார். சோம்பலின் கேட்டைப் பத்துக் குறளில் வள்ளுவர் அடுக்கியிருந்ததை, இரண்டு பேனாவைச் சேர்த்து ரப்பர் பேண்டு போட்டு, ஒரே இழுப்பில் இரண்டு வரியாக எழுதிக்கொண்டு போனேன். அய்யா நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு வரியில் வழுக்கிய புள்ளி அடுத்த வரியிலும் அதே இடத்தில் வழுக்கியிருந்தது. அடிக்கவில்லை. பேனாக்களைக் கொண்டுவரச் சொல்லி, கட்டிய விதத்தைப் பார்த்து வைத்துக்கொண்டார். மார்க் ஷீட் எழுதுகிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

போன வாரம் வீட்டில் கறிவேப்பிலை தீர்ந்தது. கீழே இறங்கினால் அடுக்ககத்துத் தோட்டத்திலேயே ஒரு மரம் நிற்கிறது. மருமகள் போனில் தட்டினாள், பத்து நிமிஷத்தில் ஒரு பையன் கொண்டுவந்துவிட்டான். அவன் வருகிற வழி போனில் படமாகத் தெரிகிறது. சோபாவில் சாய்ந்துகொண்டு குடும்பத்தோடு பார்த்தோம்: இதோ சிக்னலில் நிற்கிறான், இதோ திரும்புகிறான், ஏன் நின்றுவிட்டான்? ஒரு கொத்துக் கறிவேப்பிலைக்குப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினால் ஒரு மணி நேரம் காணாமல் போகிற பாக்கியம் எனக்கு இருந்தது. அந்தப் பையனுக்கு டீக்கடை வாசலில் கால் ஊன்றி ஒரு பாட்டு கேட்கக்கூட வழியில்லை, நாங்கள்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோமே. அப்பாரு திண்ணையிலிருந்து சொன்ன "தண்ணி" இன்னும் கீழே இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது, என்ன, பெயர் மட்டும் தெரிந்த யாரோ ஒருத்தன் மூன்று மாடி ஏறி அதைக் கொண்டுவருகிறான். கதவைத் திறந்து வாங்கினேன். தண்ணீர் வேண்டுமா தம்பி என்று கேட்டேன். "டைம் இல்லீங்கய்யா" என்று படியில் பாதி இறங்கியிருந்தான்.

வேலையெல்லாம் இப்படி ஓய்ந்துபோனதில், நடப்பதே ஒரு வேலையாகிவிட்டது. பெங்களூரில் இருக்கும் மகள் என் மணிக்கட்டில் ஒரு கடிகாரத்தைக் கட்டிவிட்டுப் போனாள். தினம் எட்டாயிரம் அடி நடக்க வேண்டுமாம். உட்கார்ந்தால் அது நடுங்கி, எழுந்திரு என்கிறது. என் அறுபத்தெட்டு வயசில் என்னை இவ்வளவு தைரியமாக வேலை ஏவியது அம்மாவுக்கு அப்புறம் இதுதான். கொஞ்ச நாள் பார்த்துவிட்டுப் பேரனிடம் பேசினேன். ஆயிரம் அடிக்குப் பத்து ரூபாய். அவன் கட்டிக்கொண்டு ஓடினான், அவனுக்கும் நாளடைவில் அலுத்துப்போய், கீழ்வீட்டில் இருக்கும் கால்பந்துப் பைத்தியம் ஒருவனிடம் ஆயிரத்துக்கு ஆறு ரூபாய் என்று விட்டுவிட்டான். நடுவில் நாலு ரூபாய் நிற்கிறது. அவன் எங்கள் வம்சம்தான் என்பதில் எனக்குச் சந்தேகம் தீர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மகள் போன் செய்தாள். குரலில் பெருமை தாங்கவில்லை. "பதினாலாயிரமுங்ப்பா! டாக்டர்கிட்டக் காட்டப் போறேன்." பிறகு கொஞ்சம் நிறுத்தி, போனை உற்றுப் பார்க்கிறாள் போலிருக்கிறது, "அதென்னங்ப்பா, மத்தியானம் ரெண்டு மணி வெயில்ல, ஒரே எடத்துல இத்தன ஓட்டம்? எங்கீங்ப்பா போயிருந்தீங்க?"

"மில்லுல கூட்டம் அம்மிணி" என்றேன்.