சாப்பிடாவிட்டால் தப்பிக்கலாமா?

கேள்வி: மூல ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். கக்கூஸ் போக நினைத்தாலே நடுங்குகிறது. பேசாமல் பட்டினி கிடக்கட்டுமா?

பதில்: கிடந்து பாருங்கள். நாலாம் நாள் மலம் கல்லாக வரும்போது உங்கள் அலறலில் தெருவே எழுந்துகொள்ளும். காயம் மட்டுமா வலிக்கிறது? பயத்தில் ஆசனவாய்த் தசை இறுகுவதும்தான் வலி. அகலமான டப்பில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி 10–15 நிமிடம் உட்காருங்கள், தசை தளரும். டெட்டால் ஊற்றி வீரம் காட்ட வேண்டாம். டாக்டர் எழுதிய பாராசிட்டமாலை, வலி உச்சிக்கு ஏறும்வரை காத்திராமல் வேளைக்குப் போடுங்கள். டிரமடால் மாத்திரையும் எழுதியிருந்தால், அது வலியைக் குறைக்கும், மலத்தையும் கட்டும். அதனால்தான் கூடவே மலமிளக்கி எழுதுகிறார்கள். நம்மவர்கள் சரியாக அதைத்தான் வாங்காமல் வருவார்கள்! காய்ச்சல், சிறுநீர் அடைப்பு, கட்டி கட்டியாக ரத்தம் என்றால் எனக்கு எழுதாதீர்கள், ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். சரி, ஓட முடியாது, ஆட்டோ பிடியுங்கள்.