ஆயுள் சந்தா

அமெரிக்காவில் எம்.எஸ். என்னும் மல்ட்டிபிள் ஸ்கிளிரோசிஸ் வந்தவர்களுக்கு மருந்துக் குறையே இல்லை. உடலின் எதிர்ப்புச் சக்தியே நரம்பின் மேலுறையை அரிக்கும் இந்த நோய்க்கு, இன்டர்ஃபெரான் பீட்டா 1993இல் வந்தது. இன்று இருபதுக்கும் மேற்பட்ட மருந்துகள். எப்போது ஆரம்பிப்பது என்று கேளுங்கள், வண்ண வண்ணப் புத்தகமாகப் பதில் வரும். எப்போது நிறுத்தலாம் என்று கேட்டுப் பாருங்கள், ஈயாடாது.

ஏன் ஆட வேண்டும்? கோபாக்சோன் என்னும் எம்.எஸ். ஊசி 1997இல் விற்பனைக்கு வந்தபோது ஆண்டு விலை 10,000 டாலருக்கும் கீழே. டெவா கம்பெனி அதை 27 தடவை ஏற்றி, 70,000 டாலரை நெருங்க வைத்ததை 2020இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு அம்பலப்படுத்தியது. நோயாளிக்கு அறுபது தாண்டட்டும், நோய் பத்து வருஷமாக வாலைச் சுருட்டிக்கொண்டு கிடக்கட்டும். கறக்கிற மாட்டை எவன் அவிழ்த்துவிடுவான்?

நிறுத்திப் பார்க்கும் டிஸ்கோம்ஸ் ஆய்வின் முடிவு வெளிவந்தது 2023இல். முதல் மருந்து வந்து முப்பது வருஷம் கழித்து! கொலராடோவின் நரம்பியல் மருத்துவர் ஜான் கோர்பாய் நடத்திய அந்த ஆய்வுக்குப் படியளந்தது பொதுநிதியும் எம்.எஸ். சங்கமும். 55 வயதும் அதற்கு மேலும் ஆன, ஐந்தாண்டு நோய் தாக்காத 259 பேர். மருந்தைத் தொடர்ந்தவர்களில் 6 பேருக்கும் விட்டவர்களில் 16 பேருக்கும் நோய் மறுபடி தலைகாட்டியது, பெரும்பாலும் ஸ்கேனில் மட்டும். விடுவதும் தொடர்வதும் ஒன்றே என்று நிரூபணமாகவில்லை. இளையவர்களையும் சேர்த்துக்கொண்ட நெதர்லாந்து ஆய்வில், நிறுத்திய 45 பேரில் 8 பேருக்கு நோய் கிளம்பியதும் பாதியிலேயே கடையைக் கட்டினார்கள். வயது, மருந்து, ஸ்கேன் எல்லாவற்றையும் பார்த்து, ஆளுக்கு ஆள் நிதானித்து எடுக்க வேண்டிய முடிவு இது.

ஆனால் இன்ஷூரன்ஸ் குமாஸ்தாவுக்கு இந்தக் குழப்பமெல்லாம் கிடையாது. ஸ்கேனும் வேண்டாம், வயதும் வேண்டாம். 'முன் அனுமதி காலாவதி' என்று ஒரு கடிதம், மருந்து நின்றது. ஃபிங்கோலிமாட் என்னும் எம்.எஸ். மருந்தை நிறுத்தினால் சிலருக்கு நோய் முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பி உடலை முடக்கிவிடலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2018இல் எச்சரித்தது. எச்சரித்தால்? முடங்கப்போவது குமாஸ்தாவின் காலா?

ஆரம்பிக்கக் கம்பெனி, நிறுத்தக் குமாஸ்தா. இடையில் ஊசி குத்திக் குத்தித் தொடை கன்றிப்போனவரிடம் 'உங்கள் விருப்பம்' என்று கைகழுவ ஒரு மருத்துவமுறை. 27 தடவை விலையேற்றக் கணக்குப் போட்ட மூளைக்கு, ஒரே ஒரு தடவை நிறுத்திப் பார்க்கத்தான் தோன்றவில்லையாம். நம்புகிறோம் ஐயா, நம்புகிறோம்!