உச்சி இருக்கட்டும், கூட யார்?

கே: நான்கு மணி நேரம் மூச்சு வாங்கப் பனிமலை ஏறி, அரை மணி நேரத்தில் சறுக்கி இறங்குவதற்குப் பெயர் பொழுதுபோக்கா? காஷ்மீரின் குல்மார்க்கில்தான் ரோப் கார் இருக்கிறதே! (வாசகர், கும்பகோணம்)

ப: இருக்கிறது. 2005-இல் வந்த அதன் இரண்டாம் கட்டம் அஃபர்வாட் மலையில் கிட்டத்தட்ட 3,950 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோய் விடுகிறது. டிக்கெட் வாங்கிய எல்லாரும் அங்கேதான் இறங்குகிறார்கள். பனிச்சறுக்குப் பலகையைக் காலில் மாட்டிக்கொண்டே ஏறத் தெரிந்தவருக்கோ ரோப் கார் எட்டாத மலை முழுவதும் திறந்து கிடக்கிறது. நல்ல உடல்வலு உள்ளவர் மணிக்கு 300, 400 மீட்டர் உயரம் ஏறுவார். அந்த நேரத்தில் ஒரு நிமிடம்கூட வீண் இல்லை. காற்று எந்தப் பக்கம் பனியைக் குவித்திருக்கிறது, காலடியில் இருப்பது கெட்டியா பொக்கா, நேற்று எங்கே சரிந்திருக்கிறது என்பதெல்லாம் ஏறும்போதுதான் புலப்படும். கூட வருகிறவரின் குணமும் அப்போதுதான் புலப்படும். இறங்கும் அரை மணி நேரம் இன்பம், ஏறும் நான்கு மணி நேரம் சிநேகம். எனக்கு இரண்டும் வேண்டும்.

கே: வழுக்குவதற்கென்றே செய்த பலகையைக் கட்டிக்கொண்டு மேட்டில் எப்படி ஏறுவது? அடிவாரத்துக்கே வந்து சேர்ந்துவிட மாட்டோமா? (வாசகர், நாகர்கோவில்)

ப: பலகையின் அடியில் 'ஸ்கின்' என்ற நீளமான பட்டையை ஒட்டிக்கொள்வார்கள். ஒரு பக்கம் பசை, மறுபக்கம் ரோமம். பூனையின் முதுகைத் தலையிலிருந்து வால் நோக்கித் தடவினால் கை வழுக்கிப் போகும், எதிர்த்துத் தடவினால் நிற்கும். இங்கும் அதே தந்திரம்தான். முன்னால் தள்ளினால் பலகை நழுவிப் போகும், பின்னால் சரியப் பார்த்தால் ரோமம் பனியைப் பிடித்துக்கொள்ளும். அந்தக் காலத்தில் சீல் தோல். இப்போது அங்கோரா ஆட்டு ரோமம், அல்லது நைலான். உச்சியில் அதை உரித்து மடித்துப் பைக்குள் வைத்துவிட்டுச் சறுக்க வேண்டியதுதான். ஏறும்போது குதிகால் தூக்கி நடக்க வேண்டும், இறங்கும்போது பலகையோடு பூட்டிக்கொள்ள வேண்டும். காலணியின் முன்பக்கத்தை இரண்டே முள்ளில் பிடிக்கும் எடை குறைந்த பூட்டை 1980-களில் ஆஸ்திரியாவின் ஃப்ரிட்ஸ் பார்த்தல் உருவாக்கினார். மலை ஏறுகிற முழங்கால்கள் எல்லாம் அவருக்குக் கடன்பட்டவை.

கே: மைனஸ் பத்து டிகிரியில் எத்தனை ஸ்வெட்டர் போட வேண்டும்? (வாசகி, மதுரை)

ப: புறப்படும்போது லேசாகக் குளிர வேண்டும், அதுதான் சரியான கணக்கு. ஏற ஆரம்பித்த சில நிமிடங்களில் வேர்த்துவிடும். அந்த வேர்வைதான் மேலே நின்றதும் உடம்பைக் குளிர வைக்கும். பருத்தி பனியன் மட்டும் வேண்டாம். நம் வெயிலுக்கு அது தெய்வம். அங்கே நனைந்தால் காயவே காயாது.

கே: என் கணவர் நண்பர்களோடு காஷ்மீர் பனிமலைக்குப் போகிறேன் என்கிறார். அனுப்பலாமா? (வாசகி, கோயம்புத்தூர்)

ப: மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை டிகிரி சரிவில் சறுக்கப் போகிறீர்கள்? பீக்கனை வைத்துத் தேடிப் பழகியிருக்கிறீர்களா? கூட வருகிறவர்களில் ஒருவர் "திரும்பிவிடலாம்" என்றால் மற்றவர்கள் திரும்புவார்களா?

முதல் கேள்வியை ஏன் கேட்கச் சொல்கிறேன் என்றால், பனிப்பாளம் பெயர்ந்து விழும் சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சாய்வில் உள்ளவை. சறுக்குவதற்கு இனிக்கும் சாய்வும் அதுவேதான். மலை நமக்கு வைத்திருக்கும் பொறி இது. உயிரைப் பறிக்கும் பனிச்சரிவுகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது, சிக்கியவரோ கூட வந்தவரோ தூண்டிவிட்டவை. பழைய பனியின் மேல் புதுப் பனி பாளமாகப் படிந்திருக்கும், நடுவில் ஒட்டாத ஓர் அடுக்கு இருக்கும், பாளம் பெயர ஒருவருடைய எடை போதும். இரண்டாவது கேள்விக்கான பீக்கன் மார்பில் கட்டிக்கொள்ளும் சிறு கருவி, 457 கிலோஹெர்ட்ஸில் ஓயாமல் சமிக்ஞை அனுப்பும். ஒருவர் புதைந்தால் மற்றவர்கள் தங்கள் கருவியைத் தேடும் நிலைக்கு மாற்றி நெருங்க வேண்டும், நீளக் கம்பியைக் குத்திப் பார்த்து இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும், மண்வாரியால் தோண்ட வேண்டும். ஆகவே உங்கள் கணவரின் உயிர் அவர் கட்டியிருக்கும் பீக்கனில் இல்லை, நண்பர்கள் கையில் இருக்கிறது. மூன்றாவது கேள்விக்கு அவர் தயங்கினால் டிக்கெட்டை ரத்து செய்யுங்கள்.

கே: சியாச்சினில் ராணுவ வீரர் ஹனுமந்தப்பா ஆறு நாள் பனிக்கு அடியில் உயிரோடு இருந்தாரே? நீங்கள் எல்லாரும் பதினைந்து நிமிடம் என்று பயமுறுத்துகிறீர்கள்! (வாசகர், தேனி)

ப: 2016 பிப்ரவரி 3-ஆம் தேதி, 19,000 அடிக்கும் மேலே, மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் பத்து வீரர்கள் பனிச்சரிவில் புதைந்தார்கள். அவர்களில் நால்வர் தமிழ்நாட்டுப் பிள்ளைகள், ஒருவர் உங்கள் தேனி மாவட்டத்துக்காரர். ஹனுமந்தப்பா கூடாரத்துக்குள் இருந்தார், உள்ளே மூச்சுவிடக் கொஞ்சம் காற்று இருந்தது. அப்படியும் மீட்கப்பட்ட சில நாட்களில், பிப்ரவரி 11-ஆம் தேதி டெல்லி மருத்துவமனையில் இறந்துவிட்டார். சறுக்குகிறவரைச் சுற்றிக் கூடாரம் கிடையாது. ஓடி நின்ற பனி இறுகிப்போகும், விரலைக்கூட அசைக்க முடியாது, விட்ட மூச்சையே திரும்ப இழுக்க வேண்டியிருக்கும். முதல் பத்து, பதினைந்து நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். அதன் பிறகு வாய்ப்பு மளமளவென்று சரிகிறது. மீட்புக் குழு ஊரிலிருந்து வந்து சேர அந்த நேரம் போதாது. பயமுறுத்தவில்லை ஐயா, பக்கத்தில் இருப்பவர்தான் காப்பாற்ற முடியும் என்கிறேன்.

கே: எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பதினான்கு பேர் தயார். பலம்தானே? (வாசகர், சென்னை)

ப: கல்யாணத்துக்குப் பலம். 2012 பிப்ரவரி 19 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஸ்டீவன்ஸ் பாஸ் அருகே டனல் க்ரீக் என்ற இடத்துக்குப் பதினாறு பேர் போனார்கள். பெரும்பாலோர் தேர்ந்தவர்கள், மலையை அறிந்தவர்கள். பனிச்சரிவில் மூன்று பேர் இறந்தார்கள். நியூயார்க் டைம்ஸில் ஜான் பிராஞ்ச் அதைப் பற்றி எழுதிய நீண்ட கட்டுரை 2013-இல் புலிட்சர் பரிசு பெற்றது. படித்தவர் நெஞ்சில் தைப்பது பனி இல்லை. சிலருக்கு உள்ளுக்குள் சந்தேகம் இருந்தும் வாய்விட்டுச் சொல்லவில்லை என்பதுதான். இவ்வளவு பேர் போகிறார்களே, தெரியாமலா போவார்கள் என்று ஒவ்வொருவரும் மற்றவர் முகத்தைப் பார்த்திருக்கிறார்கள். அதனால் மூன்று, நான்கு பேர் போதும், மிஞ்சினால் ஐந்து. சரிவைக் கடக்கும்போது ஒவ்வொருவராக, மற்றவர்கள் பத்திரமான இடத்தில் நின்று கண் எடுக்காமல் பார்த்திருக்க. புதியவர் "வேண்டாம்" என்றாலும் அது வேண்டாம்தான், வாக்கெடுப்பு கிடையாது. மீதிப் பேரை வேறு நாளில் அழைத்துப் போங்கள். மலை ஓடிவிடாது.

கே: இந்த ஏறி இறங்கும் விளையாட்டுக்கு ஒலிம்பிக்கில் இடம் உண்டா? (மாணவர், சேலம்)

ப: உண்டு. 2026 மிலான்-கோர்ட்டினா குளிர்கால ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் சேர்ந்தது. ஆடவர், மகளிர் ஸ்ப்ரின்ட், கலப்பு ரிலே. ஸ்கின்னை உரித்தெடுக்கும் வேகத்தைப் பார்க்கவே உட்காரலாம்.

கே: ஆசை வந்துவிட்டது. எதிலிருந்து தொடங்குவது? (வாசகி, திருநெல்வேலி)

ப: கடையிலிருந்து தொடங்காதீர்கள். முதலில் சறுக்கக் கற்றுக்கொள்ளுங்கள். குல்மார்க்கில் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் பனிச்சறுக்கு, மலையேற்றப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, உத்தராகண்டில் ஔலி இருக்கிறது. வாடகைப் பலகையே போதும். எந்தப் பனியிலும் தடுமாறாமல் இறங்க முடிந்த பிறகு பனிச்சரிவுப் பயிற்சி, அதற்குப் பிறகு உள்ளூர் கைடோடு முதல் ஏற்றம். மாலையில் இறங்கி வந்து ஒரு கோப்பை உப்புப் போட்ட நூன் சாய் குடியுங்கள். குல்மார்க்கில் ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி முடிய பனி அருமையாக இருக்கும். நண்பர்களிடம் இன்றைக்கே பேசுங்கள். பீக்கன் பயிற்சிக்கு நேரமில்லை என்பவரின் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள்.