எண் குத்தும் சித்தருக்கு

கமாரோ, செவெல், கார்வெட் என்று அமெரிக்காவின் அறுபதுகளைச் சேர்ந்த கார்கள் விலைபோகும் சந்தையில் உமக்கு இணை யாருண்டு ஐயா!

இண்டியானா மாநிலத்து மன்சி நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் 1963 முதல் 1974 வரை நான்கு வேக கியர்பாக்ஸ் செய்தது. அதில் எம்22 என்னும் ரகம் வேண்டுமென்றால் பாவம், அவர்கள் பற்களின் சாய்வைக் குறைத்து, கியர்களைத் தனியாக வெட்ட வேண்டியிருந்தது. உமக்குச் சாணைக்கல்லும் சுத்தியலும் எழுத்து அச்சுகளும் போதும். பிற்காலத்தில் அவர்கள் குத்திய குறியில் ஆலைக்கு ஓர் எழுத்து, ஆண்டுக்கு ஓர் இலக்கம், மாதத்துக்கு ஓர் எழுத்து, தேதிக்கு இரண்டு இலக்கம். 1969 மாடலிலிருந்து கடைசியில் ரகத்துக்கும் ஓர் எழுத்து: ஏ என்றால் எம்20, பி என்றால் எம்21, சி என்றால் எம்22. ஏ-யைத் தேய்த்துச் சி ஆக்கினீர். உள்ளே ஒரு பல்கூட மாறாமல் எம்20 எம்22 ஆயிற்று. இரும்பைப் பொன்னாக்கிய சித்தர்கள்கூட இரும்பைத் தொட வேண்டியிருந்தது.

அதிலும் உமக்கு எத்தனை கருணை! சாய்வு குறைந்த பற்கள் இரைவதால்தான் எம்22-க்கு ‘ராக் கிரஷர்’ என்று பெயர். உம் கையால் பிறந்த எம்22 இரைவதே இல்லை. வாங்கியவர் காது பிழைத்தது.

1968 முதல் காரின் அடையாள எண்ணில் ஒரு பகுதியை கியர்பாக்ஸிலும் குத்தினார்கள், எது எந்தக் காரோடு பிறந்தது என்று தெரிய. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்வார்கள் நம் ஊரில். நீர் வேறு காரின் எண்ணைக் குத்தி ஒன்பது குறிகளில் முடிக்கிறீர். கார் கட்டிய நாளுக்குச் சில வாரம் முந்திய தேதியாகப் பார்த்துப் பொருத்தமும் அமைக்கிறீர். அடையாள எண்ணை அறிந்தே மாற்றுகிறவருக்கு ஐந்தாண்டு வரை சிறை என்று அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் சொல்கிறது. சட்டத்துக்கும் அஞ்சாத வீரர் நீர்!

நீர் தேய்த்தெறிந்த எம்20 இழிந்த பொருளா? முதல் கியர் விகிதம் 2.52, சாலையில் நின்று கிளம்ப, 2.20 கொண்ட அதன் உடன்பிறப்புகளைவிட நன்றாக உதவும். அதன் மேல் இருந்த தேதி, மன்சியில் ஒரு தொழிலாளி ஒரு நாள் செய்த வேலைக்குச் சாட்சி. அதை இனி யாராலும் திரும்ப எழுத முடியாது.

வாங்குகிறவர்களே, குத்திய எழுத்தோடு நிற்காதீர்கள். 1966-க்குப் பிந்திய பெட்டியானால் உள்வரும் தண்டின் வளையக் கோடுகளைப் பாருங்கள்: இரண்டு என்றால் எம்20, ஒன்று என்றால் எம்21, ஒன்றுமில்லை என்றால் எம்22. தண்டையும் மாற்றியிருக்கலாம்; அதனால் பக்க மூடியின் ஏழு போல்ட்டுகளையும் கழற்றி, பற்களின் சாய்வைக் கண்ணால் பார்த்த பிறகு பணத்தை எடுங்கள். கழற்ற விடமாட்டேன் என்கிறவரிடம் வாங்காதீர்கள்.